கிளாஸ் நாட் ஃபவுண்ட்: விலாசம் தப்பிய கிளாஸைத் தேடிப் பிடிப்பது எப்படி

சித்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. மாசி வீதிப் பக்கம் ஒரு சுங்கடிச் சேலைக் கடைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பில்லிங் தளத்தை அன்று ராத்திரிதான் லைவ் சர்வருக்கு மாற்றினோம். பதினொன்றரை மணிக்கு, என்னிடம் வேலை பழகும் தம்பி போன் செய்தான்.

"அண்ணே, பில் போடுற பக்கம் மட்டும் வெள்ளையா நிக்குது. லாக்ல கிளாஸ் நாட் ஃபவுண்ட்னு இருக்கு. நம்ம மெஷின்ல நல்லா ஓடுச்சுண்ணே."

"கிளாஸ் பேரு என்ன போட்டிருக்கு?"

"ரசீதுண்ணே."

"முழுசா வாசிடா."

இணையதளங்கள் எழுதும் மொழியான பிஎச்பியில் இந்தப் பிழை வந்ததும் நம்மில் பலர் செய்வது இதுதான். கடைசிச் சொல்லை மட்டும் பார்ப்போம், அந்த ஃபைலைத் திறப்போம், "கிளாஸ் இங்கேதானே இருக்கு" என்று தலையைச் சொறிவோம். பிழைச் செய்தியின் மேற்கோளுக்குள் இருக்கும் பெயர் ஒரு விலாசம். இந்த விலாசத்துக்குப் போனேன், அங்கே ஆள் இல்லை என்றுதான் பிஎச்பி சொல்கிறது. விலாசம் தப்பா, ஆள் வீடு மாறிவிட்டாரா, தெருவே அந்தப் பெயரில் இல்லையா என்று கண்டுபிடிப்பது நம் வேலை.

ஒரு சின்ன ஏற்பாடு: கோட் வரிகளை இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

மாசி வீதி, 12ஆம் நம்பர்

நேம்ஸ்பேஸ் என்றால் என்ன என்று மதுரைக்காரருக்கு விளக்குவது சுலபம். "மாசி வீதி, 12ஆம் நம்பர்" என்று ஆட்டோவில் ஏறினால், "எந்த மாசி வீதி?" என்பார் ஓட்டுநர். கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு மாசி வீதி. அதேபோல நாலு சித்திரை வீதி, நாலு ஆவணி மூல வீதி, நாலு வெளி வீதி. ஒவ்வொன்றிலும் 12ஆம் நம்பர் இருக்கலாம். யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் முழு விலாசம் வேறு வேறு.

2009 ஜூனில் வந்த பிஎச்பி 5.3தான் இந்த வசதியைக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் நம்முடைய பில் கிளாஸும், எங்கிருந்தோ இறக்கிய லைப்ரரியின் பில் கிளாஸும் மோதிக்கொள்ளாமல் இருக்க, பெயருக்கு முன்னால் அடிக்கோடு போட்டு ரயில் நீளத்துக்குப் பெயர் வைப்போம். இப்போது ஃபைலின் தலையில் இப்படி ஒரு வரி போதும்:

நேம்ஸ்பேஸ் ஆப்\பில்லிங்;

அதற்குக் கீழே கிளாஸ் ரசீது என்று எழுதினால், அதன் முழுப்பெயர் ஆப்\பில்லிங்\ரசீது. இந்த நேம்ஸ்பேஸ் வரிதான் ஃபைலின் முதல் வரியாக இருக்க வேண்டும். டிக்ளேர் வரி மட்டும் அதற்கு முன்னால் வரலாம். பிஎச்பி தொடக்கக் குறிக்கு மேலே ஒரு வெற்று வரி விழுந்திருந்தாலும் வேறொரு பிழை வந்து நிற்கும்.

இனி, ஒரு பெயரைப் பார்த்ததும் பிஎச்பி எந்த விலாசத்தை மனதில் எழுதிக்கொள்கிறது என்பது. இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

வெறும் பெயராக ஜிஎஸ்டி என்று எழுதினால், ஃபைலின் தலையில் உள்ள யூஸ் வரிகளை முதலில் பார்க்கும். அங்கே யூஸ் ஆப்\வரி\ஜிஎஸ்டி என்று இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால், தான் நிற்கும் தெருவையே முன்னால் ஒட்டிவிடும்: ஆப்\பில்லிங்\ஜிஎஸ்டி. மேல மாசி வீதியில் நிற்பவரிடம் "12ஆம் நம்பர் எங்கே?" என்று கேட்டால் அதே தெருவில்தானே கையைக் காட்டுவார்?

நடுவில் சாய்கோடு உள்ள பெயருக்கும் இதே கதை. வரி\ஜிஎஸ்டி என்று எழுதினால் வரி என்ற முதல் துண்டை யூஸ் வரிகளில் தேடும், கிடைக்காவிட்டால் ஆப்\பில்லிங்\வரி\ஜிஎஸ்டி ஆக்கிவிடும். தலையில் சாய்கோடு போட்டு \ஆப்\வரி\ஜிஎஸ்டி என்று எழுதினால் மட்டும் எதையும் ஒட்டாது, அப்படியே போகும். ஆனால் யூஸ் வரியில் எழுதும் பெயர் எப்போதுமே முழு விலாசம்தான், அங்கே தலைச் சாய்கோடு தேவையில்லை.

யூஸ் எந்த ஃபைலையும் ஏற்றுவதில்லை. அது சுருக்கப்பெயர் வைக்கும் வரி, அவ்வளவுதான். தப்பான விலாசத்துக்கு யூஸ் போட்டாலும் அந்த வரியில் பிழை வராது, கிளாஸைத் தொடும் வரியில்தான் வரும். அதோடு யூஸ் அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும்தான் செல்லும். கன்ட்ரோலரில் யூஸ் போட்டுவிட்டு, அது இன்க்ளூட் செய்யும் டெம்ப்ளேட்டில் சுருக்கப்பெயரைப் பயன்படுத்தினால் வேலைக்கு ஆகாது.

மேற்கோளுக்குள் என்ன இருக்கிறது?

இப்போது பிழைச் செய்திக்கு வாருங்கள். முழுப்பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாலே பாதி நேரம் நோய் தெரிந்துவிடும்.

ஆப்\பில்லிங்\டேட்டைம் என்று வந்திருக்கிறதா? டேட்டைம் பிஎச்பியின் சொந்தக் கிளாஸ். நீங்கள் நேம்ஸ்பேஸுக்குள் நின்று வெறுமனே நியூ டேட்டைம் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். \டேட்டைம் என்று தலைச் சாய்கோடு போடுங்கள், அல்லது மேலே யூஸ் டேட்டைம் என்று ஒரு வரி. "ஸ்டர்லென் ஃபங்ஷன் மட்டும் சாய்கோடு இல்லாமலே ஓடுதே" என்று கேட்காதவர் இல்லை. ஃபங்ஷனுக்கும் கான்ஸ்டன்டுக்கும் பிஎச்பி ஒரு சலுகை வைத்திருக்கிறது: சொந்தத் தெருவில் இல்லாவிட்டால் பொதுவெளியில் போய்த் தேடும். கிளாஸுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆப்\பில்லிங்\ஆப்\வரி\ஜிஎஸ்டி என்று ஆப் இரண்டு முறை வருகிறதா? முழுப்பெயரை எழுதினீர்கள், தலைச் சாய்கோட்டை விட்டுவிட்டீர்கள்.

எந்த முன்னொட்டும் இல்லாமல் வெறும் ரசீது என்று வருகிறதா? நேம்ஸ்பேஸ் இல்லாத பழைய ஃபைலில் யூஸ் மறந்திருப்பீர்கள். அல்லது கிளாஸ் பெயரை ஸ்ட்ரிங்காக ஒரு மாறியில் வைத்து நியூ போட்டிருப்பீர்கள். ஸ்ட்ரிங்குக்குள் இருக்கும் பெயருக்கு யூஸும் தெரியாது, நேம்ஸ்பேஸும் தெரியாது, முழுப்பெயர்தான் வேண்டும். அந்த இடங்களில் ரசீது::கிளாஸ் என்று எழுதுவது என் வழக்கம், முழுப்பெயரை அதுவே தரும். ஆனால் அது கிளாஸ் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை, பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் அதையும் அப்படியே தரும்.

இவற்றைவிட மோசமான ஒன்று, பிழையே காட்டாதது. நேம்ஸ்பேஸுக்குள் கேட்ச் எக்செப்ஷன் என்று சாய்கோடு இல்லாமல் எழுதினால் அது ஆப்\பில்லிங்\எக்செப்ஷன் ஆகிவிடும். அப்படி ஒரு கிளாஸ் உலகத்திலேயே இல்லை, ஆனாலும் கேட்ச் புகார் சொல்லாது. எதையும் பிடிக்காமல் விட்டுவிடும். இன்ஸ்டன்ஸ்ஆஃப் சோதனையும் அப்படியே, சத்தமில்லாமல் பொய் என்று பதில் சொல்லும். "ட்ரை கேட்ச் போட்டும் பக்கம் விழுகிறது" என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தச் சாய்கோட்டைத்தான்.

பெயர் நீங்கள் நினைத்தது போலவே முழுசாக, சரியாக இருக்கிறது என்றால் அடுத்து ஃபைல் பக்கம் போக வேண்டும். அதற்கு முன்னால் ஆட்டோலோட், அதாவது கிளாஸ் தேவைப்படும்போது அதன் ஃபைலைத் தானே ஏற்றும் ஏற்பாடு, எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஆட்டோலோடர் உள்ளே நடப்பது

முன்பெல்லாம் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் மற்ற ஃபைல்களை ஏற்றும் ரெக்வயர் வரிகள் கல்யாணப் பத்திரிகையில் உறவினர் பெயர் மாதிரி நீளும். ஒன்றை விட்டால் கோபம், இரண்டு முறை சேர்த்தால் அதற்கும் கோபம். பிஎச்பி 5இல் __ஆட்டோலோட் என்ற ஃபங்ஷன் வந்தது, 5.1இல் எஸ்பிஎல்_ஆட்டோலோட்_ரெஜிஸ்டர் வந்தது. முதலாவது 7.2இல் ஓரங்கட்டப்பட்டு 8.0இல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய தளத்தை பிஎச்பி 8க்கு ஏற்றியதும் __ஆட்டோலோட் இனி செல்லாது என்ற பிழையோடு தளமே நின்றுவிட்டால் காரணம் இதுதான்.

கையால் ஒரு குட்டி ஆட்டோலோடர் எழுதிப் பாருங்கள். லைப்ரரிகளை நிறுவி, ஆட்டோலோடரையும் கட்டித்தரும் கம்போசர் இருக்கும்போது எதற்கு என்பீர்கள். ஒரு முறை எழுதினவர்களுக்கு அப்புறம் இந்தப் பிழை பயம் காட்டுவதில்லை. எஸ்பிஎல்_ஆட்டோலோட்_ரெஜிஸ்டருக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறோம். தெரியாத கிளாஸ் எங்காவது வந்ததும் பிஎச்பி அதன் முழுப்பெயரை, தலைச் சாய்கோடு இல்லாமல், அந்த ஃபங்ஷன் கையில் கொடுக்கும். நம் கையில் இப்போது ஆப்\பில்லிங்\ரசீது. அது ஆப்\ என்று தொடங்குகிறதா? இல்லாவிட்டால் பேசாமல் திரும்பிவிடுகிறோம். தொடங்கினால் அந்த முன்னொட்டை வெட்டுகிறோம், மிச்சம் பில்லிங்\ரசீது. பின்சாய்கோட்டை முன்சாய்கோடாக மாற்றுகிறோம். முன்னால் எஸ்ஆர்சி போல்டரின் பாதை, பின்னால் புள்ளி பிஎச்பி. எஸ்ஆர்சி/பில்லிங்/ரசீது.பிஎச்பி கிடைத்தது. ஃபைல் இருந்தால் ரெக்வயர், இல்லாவிட்டால் திரும்பல். கிடைக்கவில்லை என்று இங்கே நீங்களாக எக்செப்ஷன் வீசாதீர்கள். வரிசையில் அடுத்த ஆட்டோலோடர் நிற்கலாம், அதனிடம் இருக்கலாம்.

நீங்கள் இப்போது எழுதியதுதான் கிட்டத்தட்ட பிஎஸ்ஆர்-4. கிளாஸ் பெயரும் ஃபைல் பாதையும் எப்படிப் பொருந்த வேண்டும் என்று 2013 டிசம்பரில் ஏற்கப்பட்ட பொது ஒழுங்கு அது. அதற்கு முந்தைய பிஎஸ்ஆர்-0 அடுத்த ஆண்டே ஓய்வு பெற்றது.

மதுரையில் விழாவின் பெயர் சித்திரைத் திருவிழா, தேர் ஓடுவது மாசி வீதியில். நமக்கு அது பழக்கம். ஆட்டோலோடரிடம் அந்த நெளிவெல்லாம் செல்லாது. பெயர் சித்திரை என்றால் அது சித்திரை போல்டரில்தான் போய் நிற்கும். ஃபைலை மாசிக்கு நகர்த்தினால் நேம்ஸ்பேஸ் வரியையும் மாசி என்று மாற்ற வேண்டும், அந்தக் கிளாஸைக் கூப்பிட்ட எல்லா யூஸ் வரிகளையும் மாற்ற வேண்டும். ஒரு ஃபைலுக்கு ஒரு கிளாஸ் என்பதும் இதனால்தான்: ரசீது ஃபைலுக்குள் ரசீதுவரி என்று இரண்டாவது கிளாஸ் எழுதினால், ரசீது ஏற்கெனவே ஏறியிருக்கும் பக்கங்களில் அது கிடைக்கும், மற்ற பக்கங்களில் கிடைக்காது.

கம்போசரில் அமைப்பது

கம்போசர்.ஜேசன் ஃபைலில் ஆட்டோலோட் என்ற பகுதி, அதற்குள் பிஎஸ்ஆர்-4, அதற்குள் ஒரே வரி:

"ஆப்\\": "எஸ்ஆர்சி/"

சாய்கோடு இரண்டு, ஏனென்றால் ஜேசனில் ஒற்றைப் பின்சாய்கோட்டுக்கு வேறு அர்த்தம் உண்டு. முடிவில் சாய்கோடு விட்டுப்போனால் கம்போசரே நிறுத்திச் சொல்லிவிடும். எழுதி முடித்ததும் கம்போசர் டம்ப்-ஆட்டோலோட் என்ற கட்டளை. ஜேசனை மாற்றிவிட்டு இதை ஓட்டாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். புதுக் கிளாஸ் சேர்க்கும்போதெல்லாம் ஓட்ட வேண்டுமா என்றால், வேண்டாம். பிஎஸ்ஆர்-4 போல்டருக்குள் புது ஃபைல் வந்தால் அதுவே கண்டுகொள்ளும். எந்தக் கிளாஸ் எங்கே என்று பட்டியல் எடுத்துவைக்கும் கிளாஸ்மேப் முறையில் பதிந்த போல்டருக்கும், அத்தாரிடேட்டிவ் என்ற கறார் முறையில் கட்டிய சர்வருக்கும் மட்டும் ஒவ்வொரு முறையும் ஓட்ட வேண்டும்.

அப்புறம், தளத்தின் நுழைவு ஃபைலில் வெண்டர்/ஆட்டோலோட்.பிஎச்பியை ரெக்வயர் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். தளத்தில் இருக்கும், குறித்த நேரத்தில் ராத்திரி தானாக ஓடும் கிரான் ஸ்கிரிப்டில் இருக்காது. பாதையை அந்த ஃபைல் இருக்கும் போல்டரிலிருந்து கணக்கிடும் டிர் மாறிலியோடு எழுதுங்கள். வெறும் சார்புப் பாதை, கிரான் எங்கிருந்து கிளம்புகிறதோ அதைப் பொறுத்து மாறிவிடும்.

பிரச்சினையை இரண்டாக வெட்டும் ஒரு கேள்வி

பெயர் சரி, கம்போசரும் சரி, ஆனாலும் பிழை. இந்தக் கட்டத்தில் கண்ணால் தேடுவதை நிறுத்துங்கள். வெண்டர்/ஆட்டோலோட்.பிஎச்பி ரெக்வயர் செய்யும்போது தன் லோடர் ஆப்ஜெக்டையே திருப்பித் தருகிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. அதை ஒரு மாறியில் பிடித்து, ஃபைன்ட்ஃபைல் என்ற மெத்தடில் முழுப்பெயரைக் கொடுத்து, வருவதை வார்_டம்ப் செய்யுங்கள். பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதுங்கள். இரட்டை மேற்கோளுக்குள் சின்ன என், சின்ன டி எழுத்துக்கு முன்னால் வரும் சாய்கோட்டை பிஎச்பி வேறு விதமாகப் படித்துவிடும்.

பதிலாக ஒரு பாதை வந்தால், கம்போசர் ஃபைலைக் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் ஃபைலுக்குள் வேறு ஆள் குடியிருக்கிறார். நேம்ஸ்பேஸ் வரியில் எழுத்துப்பிழை, அல்லது அந்த வரியே இல்லை, அல்லது வேறு ஃபைலிலிருந்து காப்பி அடித்துவிட்டு கிளாஸ் பெயரை மாற்ற மறந்திருக்கிறீர்கள். இன்னொரு சாத்தியம்: ஃபைல் குட்டையான தொடக்கக் குறியோடு ஆரம்பிக்கிறது, சர்வரில் அந்த வசதி அணைந்திருக்கிறது. அப்போது பிஎச்பி அந்த ஃபைலை வெறும் எழுத்தாக நினைத்து உலாவியில் கொட்டிவிடும். பிழைக்கு மேலே உங்கள் கோட் அப்படியே தெரிந்தால் இதுதான்.

பதில் ஃபால்ஸ் என்றால் ஃபைலே கிடைக்கவில்லை. பாதை, மேப்பிங், அல்லது எழுத்தின் அளவு (ஆங்கிலப் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்பது). வெண்டர்/கம்போசர் போல்டருக்குள் ஆட்டோலோட்_பிஎஸ்ஆர்4.பிஎச்பி என்ற ஃபைல் இருக்கிறது. எந்த முன்னொட்டு எந்த போல்டருக்குப் போகிறது என்று பச்சையாக எழுதியிருக்கும். திறந்து பாருங்கள்.

"நம்ம மெஷின்ல ஓடுச்சுண்ணே"

தம்பிக்கு வந்தது ஃபால்ஸ். சர்வரில், போல்டருக்குள் இருப்பதைக் காட்டும் எல்எஸ் கட்டளையைப் போடச் சொன்னேன். எஸ்ஆர்சிக்குள் பில்லிங் போல்டர் இருந்தது, ஆனால் முதல் எழுத்து சின்ன எழுத்தில். நேம்ஸ்பேஸில் பெரிய எழுத்து.

விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். பிஎச்பியோ கிளாஸ் பெயரில் பார்ப்பதில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் குழப்பத்துக்குக் கேட்க வேண்டுமா? கிளாஸ் பெயரைத் தப்பான அளவில் எழுதியிருந்தாலும், வேறு யாராவது அதை ஏற்கெனவே ஏற்றியிருந்தால் லினக்ஸிலும் ஓடிவிடும். அதனால்தான் சில பக்கத்தில் வரும், சில பக்கத்தில் வராது.

அவன் முதலில் சின்ன எழுத்தில் போல்டரை உருவாக்கி, கோட் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் கமிட் செய்திருக்கிறான். அப்புறம் விண்டோஸில் பெயரைத் திருத்தினான். கிட் அங்கே எழுத்தின் அளவைக் கண்டுகொள்ளாத அமைப்பில் இருந்ததால் மாற்றமே நடக்காதது போல இருந்துவிட்டது. சர்வருக்குப் போனது பழைய பெயர். இதற்கு மருந்து: கிட் எம்வி கட்டளையால் போல்டரை முதலில் பில்லிங்2 என்று மாற்றுங்கள், பிறகு சரியான பெயருக்கு மாற்றி கமிட் செய்யுங்கள். பன்னிரண்டு மணிக்கு ரசீது ஏறிவிட்டது.

உடனே அடுத்த பிழை வந்தது: ஆப் கீப் எதுவும் இல்லாமல் வெறும் நம்பர்ஃபார்மேட்டர். தொகையை லட்சத்துக்குக் கமா போட்டு 1,00,000 என்று காட்டுவதற்காகப் பயன்படுத்தியது. பிஎச்பியின் சொந்தக் கிளாஸ் பெயர் சரியாக இருந்தும் காணோம் என்றால் எக்ஸ்டென்ஷன் ஏற்றவில்லை என்று பொருள். நம்பர்ஃபார்மேட்டருக்கு இன்டில், ஜிப்ஆர்கைவுக்கு ஜிப், டாம்டாக்குமென்டுக்கு டாம். டெர்மினலில் பிஎச்பி -எம் போட்டுப் பார்த்து, "இருக்கே" என்று ஏமாறாதீர்கள். டெர்மினல் பிஎச்பிக்கும் வெப் பிஎச்பிக்கும் தனித்தனி அமைப்பு இருக்கலாம், பதிப்பே வேறாக இருக்கலாம். பிஎச்பிஇன்ஃபோவை உலாவியில் பார்ப்பதுதான் சாட்சி.

லைவில் மட்டும் ஒரு லைப்ரரி காணோம் என்றால், கம்போசர்.ஜேசனில் அது ரெக்வயர்-டெவ் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வரில் நோ-டெவ் போட்டு நிறுவினால் அது வராது. எல்லாம் திருத்தியும் அதே பிழை ஒட்டிக்கொண்டிருந்தால், ஒரு முறை வாசித்த கோடை நினைவில் வைத்துக்கொள்ளும் ஓபிகேஷ்தான் காரணம். ஃபைல் மாறியதா என்று பார்க்காதபடி அதை அமைத்திருந்தால், பழைய மேப்பிங்கையே நினைவில் வைத்து ஓட்டும். வெப் சர்வருக்காக பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம்மை ரீலோட் செய்யுங்கள்.

கிளாஸுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

பிஎச்பி தடுக்காது, தமிழ் எழுத்தில் கிளாஸ் பெயர் செல்லும். ஆசையில் ஒரு முறை கொள்முதல் என்று வைத்துப் பார்த்தேன். யூனிகோடில் கொ என்பதன் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், பைட்டில் வேறு. ஃபைல் பெயரை ஒரு கீபோர்டிலும் கிளாஸ் பெயரை இன்னொன்றிலும் அடித்தால், கண்ணுக்கு முன்னால் இருக்கும் கிளாஸைக் காணோம் என்று பிஎச்பி சாதிக்கும். தமிழைக் கமென்டிலும் திரையிலும் வைத்துக்கொள்வோம்.

பழைய ப்ராஜெக்டைக் கரையேற்றுவது

நூறு ரெக்வயர் வரி உள்ள பழைய தளத்தை ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். பழைய போல்டரை முதலில் கம்போசரின் கிளாஸ்மேப்பில் பதியுங்கள். கம்போசர் அந்த ஃபைல்களை வாசித்து, எந்தக் கிளாஸ் எங்கே என்று பட்டியல் எடுத்துக்கொள்ளும். நேம்ஸ்பேஸ் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அதற்குப் பிறகு ரெக்வயர் வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே கிளாஸை ரெக்வயரும் ஆட்டோலோடரும் சேர்ந்து இரண்டு முறை ஏற்றினால் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை வரும், அதனால் பாதியில் விடாமல் போல்டர் போல்டராக முடியுங்கள். ஒரு போல்டர் சுத்தமானதும் அதற்கு நேம்ஸ்பேஸ் கொடுத்து எஸ்ஆர்சிக்குள் கொண்டுவாருங்கள்.

இந்த வேலை நடக்கும் நாட்களில் டம்ப்-ஆட்டோலோடை -ஓ சேர்த்து ஓட்டுங்கள். பெயருக்கும் பாதைக்கும் பொருந்தாத கிளாஸ்களைக் கம்போசர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திட்டும். கூடவே ஸ்ட்ரிக்ட்-பிஎஸ்ஆர் என்ற ஆப்ஷனையும் கொடுத்தால், பொருந்தாதது ஒன்று இருந்தாலும் கட்டளை தோல்வியில் முடியும். அந்த ராத்திரிக்கு அப்புறம் எங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்டில் இந்த வரி இருக்கிறது, அதுவும் லினக்ஸ் பக்கத்தில். சின்ன எழுத்து பில்லிங் போல்டர் இன்னொன்று வந்தால், தளம் மாறுவதற்கு முன்னாலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். தம்பி போன் போடவேண்டியதில்லை.